இன்னாசி விலைபோனதாகச் சொல்கிறார்கள்

அவர் வீட்டில் இல்லை. இருந்திருந்தாலும் வரமாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பார், அதனால் உங்களுக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. உள்ளே வாருங்கள், வக்கீலம்மா. செருப்போடு வரலாம், நான் இன்னும் தரை துடைக்கவில்லை. தீப்பெட்டி கம்பெனி கோடவுனில் இன்றைக்கு லோடு ஏற்றுகிறார்கள். இவர் ஏற்றுவதில்லை, ஏற்றுகிறவர்களைப் பார்த்துக்கொள்வது இவர் வேலை. இந்திய அணி கேம்ப் வரைக்கும் போன சென்டர் ஹாஃப். இப்போது தீக்குச்சி பண்டலுக்குக் காவல். கோவில்பட்டியில் ஹாக்கி மட்டை பிடிக்காத ஆம்பளை கிடையாது என்று பெருமையாகச் சொல்வார்கள். பிடித்தவர்கள் எல்லாம் பிறகு என்ன ஆனார்கள் என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

ஞாயிற்றுக்கிழமை போனில் பேசியது நீங்கள்தானே? ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசினார். அவருக்கு ஒரு காது மந்தம். பந்து பட்டது. அதனால் நீங்கள் பேசியது அடுப்படி வரைக்கும் கேட்டது. மதுரையில் புதிதாக ஆட்டக்காரர்கள் சங்கம் ஆரம்பிக்கிறீர்கள். இப்போது நடக்கிற லீக்கிலும் அதே அக்கிரம ஒப்பந்தம்தான் இருக்கிறது. முதன்முதலில் அதை எதிர்த்து நின்றவர் என்று இவரை மேடையில் உட்காரவைக்கப் பார்க்கிறீர்கள். ஆனால் பழைய ஆட்டக்காரர்கள் இரண்டு மூன்று பேர், இன்னாசி மேடையில் இருந்தால் நாங்கள் வாசலுக்குக்கூட வரமாட்டோம் என்கிறார்கள். நீங்கள் 'சிறிய மனவருத்தம்' என்று பதமாகச் சொன்னீர்கள். படித்தவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். அவர்கள் சொன்ன வார்த்தை எனக்குத் தெரியும். இன்னாசி விலைபோனான். இந்த வார்த்தையைக் காதில் வாங்கிக்கொண்டுதான் இருபத்து நாலு வருஷமாக இந்த ஊர்ச் சந்தையில் கத்தரிக்காய் வாங்குகிறேன்.

அவர் பெயர் சுத்தமாக வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டாம். மாலை வேண்டாம், சால்வை வேண்டாம், உங்கள் கேடயமும் வேண்டாம், அதைத் துடைப்பதற்கும் நான்தான் ஆள். விற்றது அவர் இல்லை என்று நாலு பேர் முன்னால் யாராவது சொல்லவேண்டும். அவர் சொல்லமாட்டார். நான் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். பேனா இருக்கிறதா? அந்த ஃபேன் அவ்வளவுதான் ஓடும், அதற்கு மேல் வைத்தால் சத்தம்.

நான் பாளையங்கோட்டை கான்வென்டில் போர்டிங்கில் படித்தவள். காரிடாரில் தமிழ் பேசினால் கழுத்தில் பலகை மாட்டிவிடுவார்கள், அந்த மாதிரி கான்வென்ட். அப்படிப் படித்தவளைக் கொண்டுபோய் ஹாக்கி விளையாடுகிறவருக்குக் கொடுத்தார்கள் என்றால் எங்கள் அப்பாவுக்கு அது தெரியாது. பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டார். 'மில்லுல இருக்கேன்' என்றார் இவர். பொய் இல்லை. மில்லில்தான் இருந்தார். மில் மைதானத்தில். கிளார்க் என்று பெயர், ஒரு நாள்கூட ஃபைலைத் தொட்டது கிடையாது. அந்தக் காலத்தில் எல்லா மில்லும் அப்படித்தான். வேலைக்கு எடுத்து விளையாட விடுவார்கள். கால் போனால் உண்மையாகவே கிளார்க் ஆக்கிவிடுவார்கள்.

பிறகு லீக் வந்தது. இந்தப் பக்கத்துக்கு அதுதான் முதல் தொழில்முறை லீக். கிளார்க் வேலை கிடையாது, விளையாட்டே வேலை. எங்கள் மில் முதலாளி தங்கவடிவேல் ஒரு டீம் வாங்கினார். கரிசல் காளைகள் என்று பெயர் வைத்தார். எவ்வளவு பொருத்தமான பெயர் என்று எங்களுக்கு அப்போது தெரியவில்லை. சேர்க்கும்போதே ஒரு டாக்டரை வைத்து முட்டியைப் பிடித்துப் பார்த்தார்கள், கணுக்காலைத் திருகிப் பார்த்தார்கள். மாட்டுச் சந்தையில் பல்லைப் பார்ப்பார்களே, அது ஒன்றுதான் பாக்கி. கழுத்தில் ரோஜா மாலையோடு இவர் கையெழுத்துப் போட்டார். போட்டோ இருக்கிறது. மாலை கனத்தில் குனிந்திருக்கிறார். என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் படிக்கவில்லை, எல்லாம் இங்கிலீஷ். மேட்ச் அன்றைக்குப் பேண்டு வாத்தியம், பேப்பரில் படம், பஸ்ஸில் டிக்கெட் கேட்கமாட்டார்கள். என்னையே 'கேப்டன் வீட்டு அக்கா' என்று கூப்பிட்டுத் தக்காளியைப் பொறுக்கிப் போட்டார்கள். இதே சந்தையில்தான்.

இரண்டாவது சீசன் பாதியில் ஜெபராஜை விற்றார்கள். ரைட் விங் ஆடுகிற பையன், பெண்டாட்டிக்கு நிறைமாதம். காலையில் டீக்கடைப் பேப்பரில்தான் அவனுக்கே தெரிந்தது, ஓசூர் டீமுக்கு அவனைக் கொடுத்துவிட்டார்கள் என்று. நேராக இங்கே வந்தான். நான் தோசைக்கு மாவு கரைத்துக்கொண்டிருக்கிறேன். "கேப்டன், என்னை யாரு கேட்டா?" என்று அதையே திருப்பித் திருப்பிச் சொல்கிறான். அழவில்லை. அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை.

அன்றைக்குத்தான் இவர் அந்த ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். இவர் தமிழ் மீடியம். நான் வாசித்து அர்த்தம் சொன்னேன். ஆட்டக்காரன் ஒரு சீசனுக்குத்தான் ஒப்புக்கொள்கிறான், ஆனால் அடுத்த சீசனுக்கும் அவனை வைத்துக்கொள்ள டீமுக்கு உரிமை உண்டு, அதற்கு அடுத்த சீசனுக்கும் உண்டு. அவனாக வேறு டீமுக்குப் போகவேண்டுமென்றால் இவர்கள் ரிலீஸ் கொடுக்கவேண்டும். இவர்களாக அவனை யாருக்கும் கொடுக்கலாம், அவனைக் கேட்கவேண்டியதில்லை. "முடியுற தேதியே இல்லையா சிந்தா?" என்றார். ஜெசிந்தாவைச் சிந்தா என்றுதான் கூப்பிடுவார். இல்லை என்றேன். இன்னொரு தரம் வாசி என்றார். வாசித்தேன். பாருங்கள், அந்தச் சங்கமே என் இங்கிலீஷில்தான் ஆரம்பித்தது. இதை யாராவது மேடையில் சொல்வார்களா? சொல்லமாட்டார்கள்.

சங்கம் என்றால் எங்கே கூடும்? இங்கேதான். நீங்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தில்தான் முருகானந்தம் சுவரில் சாய்ந்து உட்காருவான். எட்டுப் படி அரிசி வடிக்கிற பானை எங்கள் வீட்டில் ஏன் இருக்கிறது என்று இப்போது கேட்டால் சொல்ல ஆளில்லை. ஆட்டக்காரர்கள் சாப்பிடுகிற சாப்பாடு உங்களுக்குத் தெரியாது. இவர் தொழிற்சங்கக்காரர்களிடம் போய் எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டார். "பந்து பின்னால ஓடுறது வேலையாய்யா? அப்ப என் பேரனும் தொழிலாளிதான்" என்று சிரித்தார்களாம். லேபர் ஆபீசரிடமும் அதே சிரிப்பு. அவர்கள் சிரித்த இடத்திலெல்லாம் இவர் உட்கார்ந்து, சிரித்து முடிக்கும்வரை காத்திருந்து, மறுபடியும் முதலிலிருந்து சொல்லுவார். அந்தப் பொறுமையை வீட்டு விஷயத்தில் காட்டியிருந்தால் இந்நேரம் மாடி கட்டியிருக்கலாம்.

இங்கே கூடினவர்கள் சங்கத்தைப் பற்றி மட்டுமா பேசினார்கள்? சாப்பாடு உள்ளே போனதும் அவனவன் கதை வெளியே வரும். கோல்கீப்பர் செல்வினுக்கு அம்மா மட்டும்தான். அந்த அம்மா குளியலறையில் விழுந்து இடுப்பு ஒடிந்து பெரியாஸ்பத்திரி வராந்தாவில் பாயில் கிடந்தது, ஆபரேஷனுக்கு முறை வரவில்லை. சகாயத்துக்குத் தங்கச்சி கல்யாணம், மாப்பிள்ளைக்கு நிரந்தர வேலை கிடைத்தால்தான் தாலி என்று அந்த வீட்டில் சொல்லிவிட்டார்கள். முருகானந்தம் கதை இன்னும் மோசம். வலது முட்டி உள்ளே கிழிந்துவிட்டது. துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஆடினான். வெளியே தெரிந்தால் எந்த டீமும் தொடாது. இவரிடம் மட்டும்தான் சொன்னான். நான் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன், என்னை அவன் ஆளாகவே நினைக்கவில்லை.

பைனல் இங்கேதான், மதுரை டீமோடு, ஞாயிற்றுக்கிழமை. இவர் போட்ட திட்டம் சின்னத் திட்டம்தான். இரண்டு டீமும் உடுப்புப் போட்டுக்கொண்டு மைதானத்துக்கு வரும். விசில் ஊதியதும் எல்லோரும் மையக்கோட்டில் மட்டையைக் கிடத்திவிட்டு நிற்பார்கள். இவர்கள் கேட்டது இரண்டே விஷயம்தான்: இரண்டு சீசன் ஆடினவனுக்குக் கேட்டால் ரிலீஸ் கொடுக்கவேண்டும், கேட்காமல் யாரையும் விற்கக்கூடாது. சரி என்று சொல்லும்வரை மட்டை தரையில். கல் எறிவது கிடையாது, கோஷம் கிடையாது. ஸ்டாண்ட் நிறைய ஜனம், மாவட்டத்துப் பெரிய ஆட்கள் எல்லாம் முன்வரிசையில். முதலாளி என்ன செய்வார்? எல்லோரும் இந்த ஹாலில் ஒரே மட்டை மேல் கையடுக்கிச் சத்தியம் பண்ணினார்கள். வேதக்காரன் இந்து வித்தியாசம் இல்லாமல் எல்லோருக்கும் அந்த மட்டைதான் சாமி.

எல்லாம் சரியாகத்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை வரைக்கும் ஒரு குறையும் இல்லை.

சனிக்கிழமை ஒரே பகலில் எல்லாம் கரைந்துபோனது. காலையில் முதலாளி வீட்டுக் கார் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் செல்வின் அம்மாவைத் தூக்கிக்கொண்டு மதுரையில் பெரிய தனியார் ஆஸ்பத்திரிக்குப் பறந்தது. மத்தியானத்துக்குள் சகாயத்தின் தங்கச்சி மாப்பிள்ளைக்கு மில்லில் வேலை, ஆர்டர் கையில். முருகானந்தத்தை மட்டும் ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். நாளைக்கு நீ மட்டையைக் கீழே வைத்தால், எல்லா டீம் மேனேஜரையும் உட்காரவைத்து உன் வலது முட்டியை டாக்டரை விட்டுப் பார்க்கச் சொல்வோம் என்றார்களாம். வலது முட்டி என்று சொன்னார்களாம், வக்கீலம்மா. இடதா வலதா என்றுகூடத் தெரிந்திருக்கிறது. மற்றவர்களுக்கும் அப்படித்தான், அவனவனுக்கு எங்கே வலிக்குமோ சரியாக அங்கே கை வைத்தார்கள். செல்வின் விழுந்தான் என்றதும் மற்றவர்கள் தானாக விழுந்தார்கள். உள்ளூர்க்காரனே ஆடும்போது நாங்கள் ஏன் கெடவேண்டும் என்று மதுரைக்காரர்களும் ஒதுங்கிக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நான் ஸ்டாண்டில் இருந்தேன், மகளை மடியில் வைத்துக்கொண்டு. விசில் ஊதினார்கள். இவர் ஒருத்தர் மட்டும் மையக்கோட்டில் மட்டையைக் கிடத்தினார். மற்றவர்கள் ஆட ஆரம்பித்துவிட்டார்கள். இவரைச் சுற்றிக்கொண்டு ஓடுகிறார்கள். நடுரோட்டில் கம்பம் நின்றால் வண்டிகள் ஒதுங்கிப் போகுமே, அந்த மாதிரி. சகாயம் இவர் மேல் இடித்துவிட்டு 'ஸாரி கேப்டன்' என்றான். அம்பயர் ஆட்டத்தை நிறுத்தி, இரண்டு பேர் வந்து கூட்டிக்கொண்டு போனார்கள். ஜனங்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு கூச்சல் போட்டார்கள். மகள் கை தட்டினாள், அவளுக்கு மூன்று வயது, அப்பா தனியாக நிற்கிறார் என்பது அவளுக்குப் பரிசு வாங்குகிற மாதிரி இருந்திருக்கும். நான் எதையும் பார்க்காத மாதிரி ஸ்கோர்போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கான்வென்டில் அதை மட்டும் நன்றாகச் சொல்லிக்கொடுப்பார்கள், எது நடந்தாலும் நேராக உட்காருவது.

அதற்குப் பிறகு லீக்கிலிருந்து வாழ்நாள் தடை. பழைய மில் வேலைக்கும் திரும்ப எடுக்கவில்லை. அதைக்கூடத் தாங்கிவிடலாம். ஒரே வாரத்தில் பேச்சுத் திரும்பிவிட்டது. அவனவன் ரகசியம் முதலாளிக்கு எப்படித் தெரிந்தது? எல்லோர் கதையும் தெரிந்த ஒரே ஆள் கேப்டன். அப்படியென்றால் கேப்டன்தான் சொல்லியிருக்கிறான். மையக்கோட்டில் நின்றது நாடகம், முதலாளியும் இவனும் பேசிவைத்து நடத்தியது. முருகானந்தம் இதே வாசலில் வந்து நின்று, உள்ளே வராமல், "கேப்டன், அந்த முட்டிய ஒங்கள்ட்ட மட்டுந்தான் சொன்னேன்" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டுப் போனான். நான்தான் பின்னாலேயே போய் நன்றிகெட்டவனே என்று தெரு முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்தினேன்.

எனக்கு அன்றைக்கே தெரியும், செல்வின்தான். வேறு யார்? முதலில் விழுந்தவன் அவன். அம்மாவுக்கு ஆபரேஷன் ஆகவேண்டும், அதற்குக் கூலியாக எல்லோர் வீட்டுக் கதையையும் கொட்டியிருக்கிறான். பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் இப்போது டீக்கடை வைத்திருக்கிறான். நான் அந்தப் பக்கம் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அவன் ஒவ்வொரு தடவையும் எழுந்து நின்று 'வாங்கக்கா' என்பான், வெட்கம்கெட்டவன். இவர் தினமும் சாயங்காலம் அங்கேதான் போய் டீ குடிக்கிறார். தினமும். வீட்டில் டீ இல்லாத மாதிரி. செல்வின் என்று வெளியே சொல்லுங்கள் என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். "செல்வின் இல்ல சிந்தா" என்பார். அப்படியென்றால் யார் என்று கேட்டால், "விடேன்." அவ்வளவுதான் பதில். அந்த விடேனோடுதான் குடும்பம் நடத்துகிறேன்.

என்ன? எப்படி அவ்வளவு உறுதியாகச் சொல்கிறார் என்கிறீர்களா? மனசு இளகின ஆள், அதுதான் காரணம். தனக்கு நல்லது வந்தாலும் வேண்டாம் என்று தள்ளிவிடுகிற ஆள். அதற்கும் ஒரு கதை இருக்கிறது. இதை நான் யாரிடமும் சொன்னது கிடையாது, சொல்லாதே என்று சொல்லியிருந்தார். நீங்கள் பெண்பிள்ளை, வக்கீல் வேறு, உங்களிடம் சொல்லலாம்.

முதலாளி தங்கவடிவேலின் பெண்டாட்டி சௌந்தரவல்லி யார் தெரியுமா? என் கிளாஸ்மேட். ஒரே டார்மிட்டரி, பக்கத்துக் கட்டில். அவள் முதலாளியம்மா, நான் ஆட்டக்காரன் பெண்டாட்டி, அதனால் ஊரில் பார்த்தால் தலையசைப்பதோடு சரி. அந்த வெள்ளிக்கிழமை காலையில், பைனலுக்கு முந்தின வெள்ளிதான், அவளைப் பார்க்கப் போனேன். இவரிடம் சொல்லவில்லை. சொன்னால் விடமாட்டார். ஆம்பளைகள் மைதானத்தில் முறைத்துக்கொண்டு நிற்பதைவிட, பொம்பளைகள் இரண்டு வார்த்தை பேசினால் காரியம் சீக்கிரம் முடியும், எனக்கு அந்த நம்பிக்கை எப்போதும் உண்டு. இவர்கள் எடுத்துக்கொண்ட நாளில் ஒரு ஊரையே சமாதானம் பண்ணியிருக்கலாம்.

எங்கள் ஸ்கூல் தோட்டத்தில் ஒரு மாதா கெபி உண்டு, குகை மாதிரிக் கல்லால் கட்டி உள்ளே மாதா சிலை வைத்திருப்பார்கள். போர்டிங் பிள்ளைகளுக்குள் ஒரு வழக்கம், 'கெபி' என்று சொல்லிவிட்டு ஒன்றைச் சொன்னால் அதைச் சாகும்வரை வெளியே விடக்கூடாது. சிஸ்டர் முட்டிபோட வைத்தாலும் சொல்லமாட்டோம். நான் சோபாவில் உட்கார்ந்ததும் 'கெபி' என்றேன். அவளும் சிரித்துக்கொண்டு 'கெபி' என்றாள். இங்கிலீஷில்தான் பேசினோம். எவ்வளவு நாளாயிற்று அப்படிப் பேசி! வாய் இனித்தது. அவர்கள் யாரும் பேராசைக்காரர்கள் இல்லை என்று புரியவைக்கத்தான் சொன்னேன். செல்வின் அம்மா வராந்தாவில் கிடப்பதைச் சொன்னேன். சகாயம் வீட்டுக் கல்யாணத்தைச் சொன்னேன். முருகானந்தத்துக்கு வலது முட்டி போய்விட்டது, ஒரு சீசன்கூடத் தாங்காது, அவனைப் பிடித்துவைத்து உன் வீட்டுக்காரருக்கு என்ன லாபம், ரிலீஸ் கொடுத்துவிடச் சொல் என்றேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவளுக்கு. ஒவ்வொருத்தன் பெயரையும் இரண்டாம் தரம் கேட்டுக்கொண்டாள், அவ்வளவு அக்கறை. எழுந்து வரும்போது, பேச்சோடு பேச்சாக, மகளுக்கு இங்கே கான்வென்டில் எல்.கே.ஜி. சீட் கிடைத்தால் நன்றாக இருக்கும் என்றும் சொன்னேன்.

அவள் அதை வீட்டுக்காரரிடம் சொல்ல மறந்திருக்கவேண்டும். அல்லது சொல்லியிருக்கமாட்டாள், கெபி இல்லையா? சொல்லியிருந்தால் அந்த மனுஷன் மனசு இரங்கியிருக்கமாட்டாரா? எனக்கு அந்த ஒரு வருத்தம்தான், நான் இன்னும் கொஞ்சம் முன்னாலேயே, புதன்கிழமையே போயிருக்கவேண்டும்.

சீட்டை மட்டும் மறக்கவில்லை. எல்லாம் முடிந்து, தடையும் போட்டு, அடுத்த வாரம் கான்வென்டிலிருந்து ஆள் வந்தது, சேர்த்துவிடுங்கள் என்று. நான் சந்தோஷத்தில் இவரிடம் ஓடினேன். இவர் ஷூவுக்கு லேஸ் மாற்றிக்கொண்டிருந்தார், எந்த மைதானத்துக்குப் போகிறதற்கோ. யார் கொடுத்த சீட் என்று கேட்டார். சொன்னேன். எப்போது போனாய் என்றார். வெள்ளிக்கிழமை. "என்ன பேசுன?" எல்லாவற்றையும் சொன்னேன், ஒன்றுவிடாமல், இப்போது உங்களிடம் சொன்னதுபோலவே. அவளுக்குக் கண் கலங்கியதையும் சொன்னேன்.

கொஞ்ச நேரம் அந்த லேஸைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்துபோய் முகம் கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார், குழாய் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. வந்து துண்டால் துடைத்துக்கொண்டு, "சிந்தா, நீ அங்க போனத யார்கிட்டயும் சொல்லாத" என்றார். ஏன் என்றேன். "சொல்லாத, அவ்வளவுதான்." மகளை அந்த கான்வென்டில் சேர்க்கவேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். எனக்கு ஆங்காரம் வந்துவிட்டது. பெண்டாட்டி போய்ச் சீட்டுக் கேட்டுவிட்டாள் என்று அவருக்கு மானப்பிரச்சினை. தானாக வந்த சீட்டை உதைத்துத் தள்ளிவிட்டு மகளைப் பஞ்சாயத்து ஸ்கூலில் போட்டார். அது எப்படியோ படித்துக் கோயம்புத்தூரில் நல்ல வேலையில் இருக்கிறது, அது வேறு விஷயம். ஆனாலும் சீட் வந்தது ஊருக்குத் தெரிந்துவிட்டதே. சேர்க்காவிட்டால் என்ன, முதலாளி வீட்டிலிருந்து இன்னாசி மகளுக்குச் சீட் வந்தது பார் என்று அதையும் அவர் தலையில் கட்டினார்கள்.

அதிலிருந்து வெளி விஷயம் ஒன்றுகூட என்னிடம் சொல்லமாட்டார். கோடவுனில் யார் வந்தார், யார் போனார், யாருக்கு உடம்பு சரியில்லை, எதுவும் கிடையாது. முன்பெல்லாம் மேட்ச் முடிந்து வந்தால் ஒவ்வொரு பாஸையும் சொல்லிச் சொல்லித் தூங்கவிடமாட்டார். இப்போது உப்பு இருக்கிறதா, மழை வருமா, பால்காரன் வந்தானா. தோற்றுப்போனதில் ஆள் உள்ளே சுருங்கிவிட்டார் என்று நினைத்துக்கொள்வேன். ஒருநாள்கூட அதட்டியது கிடையாது. ஒருநாள்கூட. அப்படிப்பட்ட மனுஷனோடு சண்டை போடுவது எவ்வளவு களைப்பான வேலை என்று உங்களுக்குத் தெரியாது, உங்களுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று நினைக்கிறேன்.

நீங்கள் போனை வைத்ததும் அன்றைக்கும் கேட்டேன். அந்தப் பிள்ளை இவ்வளவு தூரத்திலிருந்து கேட்கிறது, ஒரே ஒரு பெயரைச் சொன்னால் உங்கள் பெயர் சுத்தமாகிவிடும், சொல்லவேண்டியதுதானே என்றேன். சட்டையை மாட்டிக்கொண்டு, "நான்தான்னே இருந்துட்டுப் போகட்டும் சிந்தா. பழகிருச்சு" என்றார். பழகிவிட்டதாம். எனக்குப் பழகவில்லையே?

அதனால் நான் ஒரு முடிவு பண்ணியிருக்கிறேன். அவர் வராவிட்டால் போகட்டும், உங்கள் கூட்டத்துக்கு நான் வருகிறேன். மேடையில் ஏறி நானே சொல்கிறேன். ஆதியிலிருந்து, இப்போது உங்களிடம் சொன்ன மாதிரி, ஒன்றுவிடாமல். செல்வின் எப்படி முதலில் விழுந்தான், இவர் எப்படித் தனியாக நின்றார், பொம்பளை நானே முதலாளி வீடுவரைக்கும் போய் அவர்களுக்காக எவ்வளவு பேசினேன், எல்லாம். முருகானந்தமும் சகாயமும் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்கட்டும். எனக்குக் கூட்டம் என்றால் பயம் கிடையாது, ஸ்கூலில் எலோக்யூஷனில் கப் வாங்கியவள். மதுரை பஸ்ஸில் எத்தனை மணிக்கு ஏறவேண்டும், சொல்லுங்கள்.

என்ன, எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள்? எப்போது நிறுத்தினீர்கள்? கெபி வரைக்கும்தான் எழுதியிருக்கிறீர்கள். அதற்குப் பிறகுதானே முக்கியமான விஷயம்.

நான் வரவேண்டாமா? ஏன்? பழையவர்களை நீங்கள் பேசிச் சரிக்கட்டிக்கொள்வீர்கள், சார் மட்டும் வந்தால் போதும், அவர் வராவிட்டாலும் பரவாயில்லை, அப்படியா? உள்ளே வரும்போது சாட்சி ஒருத்தர்கூட இல்லை என்று அவ்வளவு சோர்வாகச் சொன்னீர்கள், சாட்சி கிடைத்ததும் எழுந்து நிற்கிறீர்கள். கையை ஏன் பிடிக்கிறீர்கள்? எனக்கு ஒன்றும் இல்லை, நன்றாகத்தான் இருக்கிறேன்.

'யார்கிட்டயும் சொல்லாதீங்கம்மா'வா?

பாருங்கள், நீங்களும் அவரைப் போலவே பேசுகிறீர்கள். அதே வார்த்தை, குரலும் அதேதான், மெதுவாக, குழந்தைக்குச் சொல்கிற மாதிரி. எனக்குப் புரியவில்லை வக்கீலம்மா. அந்தச் செல்வின் அப்படி என்ன கொடுத்துவைத்தவனோ, இத்தனை வருஷமாக அவரும், இன்றைக்கு வந்த நீங்களும், எல்லோருமாகச் சேர்ந்து அவனைக் காப்பாற்றுகிறீர்கள்.